எவ்வளவு போதும்

பிரிஸ்டல் நகரத்தின் புறநகர்ப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த 14, 15 வயதுப் பையன்கள் 64 பேர். எட்டெட்டுப் பேராக வந்து உட்கார்ந்தார்கள். திரையில் புள்ளிக் கூட்டங்கள் மின்னி மறைந்தன. எத்தனை புள்ளிகள் என்று மனதில் பட்டதை எழுத வேண்டும். இப்படி நாற்பது முறை. முடிந்ததும், சிலருக்கு எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் இயல்பு, சிலருக்குக் குறைத்துச் சொல்லும் இயல்பு, அதை வைத்து உங்களைப் பிரிக்கிறோம் என்றார்கள். உண்மையில் எழுதிய விடைகளுக்கும் பிரித்ததற்கும் தொடர்பே இல்லை. குருட்டாம்போக்கில் பிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொருவனும் தனியாக ஒரு தடுப்புக்குள் போனான். கையில் எண்கள் அச்சிட்ட சிறு புத்தகம். பெயர் தெரியாத இரண்டு பேருக்கு அவன் காசு பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் அடையாள எண்ணும், எந்தக் கூட்டம் என்பதும்தான். தனக்கென்று எதையும் ஒதுக்கிக்கொள்ள முடியாது. ஒரு புள்ளிக்கு ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்கு.

அந்த இரண்டு பேரும் ஒரே கூட்டமாக இருந்தால் பையன்கள் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டார்கள். ஒருவன் தன் கூட்டம், இன்னொருவன் எதிர்க்கூட்டம் என்றால் தன் கூட்டத்தவனுக்குக் கூடக் கொடுத்தார்கள். ஒரே பள்ளியில் படித்து, ஏற்கெனவே ஒருவரையொருவர் நன்றாக அறிந்த பையன்கள் இவர்கள். காலையில் இல்லாத ஒரு பிரிவு, மதியத்துக்குள் அவர்கள் கையை நகர்த்தத் தொடங்கிவிட்டது.

சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இதை 1970இல் வெளியிட்டார். சில வாரங்களாக இதையும் இதைச் சுற்றியுள்ள ஆய்வுகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மனிதன் உணர எவ்வளவு வேண்டியிருக்கிறது என்ற கேள்விதான் என்னை இழுக்கிறது. ரத்தம், மண், மொழி, நம்பிக்கை என்று பெரிய பெரிய விடைகளை நாம் தயாராக வைத்திருக்கிறோம். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் விடை அத்தனை பெரிதாக இல்லை.

*

இரண்டாவது பரிசோதனையில் 48 பையன்கள். புள்ளிகளுக்குப் பதில் ஓவியங்கள். பால் க்ளே வரைந்தவையும் வசீலி காண்டின்ஸ்கி வரைந்தவையும், பெயர் மறைத்துக் காட்டப்பட்டன. எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். நீ க்ளேயை விரும்புபவர்களோடு, நீ காண்டின்ஸ்கியை விரும்புபவர்களோடு என்றார்கள். இதுவும் குருட்டாம்போக்குதான்.

இந்த முறை எண்களின் வரிசையை, மூன்று ஆசைகள் ஒன்றோடொன்று மோதும்படி அமைத்திருந்தார்கள். இருவருக்கும் சேர்த்து மிக அதிகக் காசு கிடைக்கும் தேர்வு ஒரு பக்கம். தன் கூட்டத்தவனுக்கு மிக அதிகம் கிடைக்கும் தேர்வு இன்னொரு பக்கம். தன் கூட்டத்தவனுக்கும் எதிர்க்கூட்டத்தவனுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மிகப் பெரிதாகும் தேர்வு மூன்றாவது. பையன்களைப் பலமாக இழுத்தது இந்த மூன்றாவதுதான். தன் ஆளுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, மற்றவனுக்கு அதைவிடக் குறைய வேண்டும். இத்தனைக்கும் காசு அவர்களுடையதில்லை. அள்ளிக் கொடுத்திருந்தால் எல்லாப் பையன்களும் கூடுதலாக வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பகையில்லை, போட்டியில்லை, பழைய கணக்கு ஏதுமில்லை. ஆனாலும் 'நாங்கள்' என்பது ஒரு படியாவது மேலே நிற்க வேண்டும் என்ற ஆசை, அதற்காக நஷ்டப்படவும் தயாராக, எங்கிருந்தோ வந்துவிட்டது.

தாஜ்ஃபெல் தேடியது இதை அல்ல என்பதையும் குறித்துவைக்கிறேன். பாரபட்சம் துளிக்கூட இல்லாத ஒரு தொடக்க நிலையை முதலில் உருவாக்க நினைத்தார். அதன் மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், எந்தக் கட்டத்தில் பாரபட்சம் தலைகாட்டுகிறது என்று பார்ப்பது அவர் திட்டம். வெறும் பெயரைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்ட அந்தத் தொடக்க நிலையிலேயே அது இருந்தது.

*

அவர் ஏன் இதைத் தேடினார் என்பதை அவர் வாழ்க்கையைப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது.

1919இல் போலந்தின் வ்வோட்ஸ்வாவெக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூதர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம். பிரான்ஸுக்குப் போய் வேதியியல் படித்தார். போர் மூண்டதும் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். 1940இல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். போர் முடியும்வரை கைதி முகாம்கள்தான். அங்கே அவர் ஒரு முடிவெடுத்தார். யூதர் என்பதை மறுக்கவில்லை. போலந்துக்காரர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக் குடிமகனாகக் காட்டிக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தின் யூதக் கைதி உயிரோடு இருக்க வாய்ப்பிருந்தது. போலந்து யூதர் என்று தெரிந்தால் முடிவு வேறு.

காவலர்களில் யாரோடு எவ்வளவு நல்லுறவு இருந்திருந்தாலும், தான் எப்படிப்பட்ட மனிதனாக இருந்திருந்தாலும், அந்த ஒரு விவரம் வெளிப்பட்டிருந்தால் வேறு எதுவும் கணக்கில் வந்திருக்காது என்பதை அவர் பின்னாளில் தன் ஆய்வின் அடிப்படையாகவே வைத்தார். தனிமனிதர்களின் குணத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும் இதை விளக்க முடியாது என்பது அவர் வாதம். ஒரு மனிதன் இன்னொருவனை மனிதனாகப் பார்ப்பதை நிறுத்தி, ஒரு கூட்டத்தின் உறுப்பாகப் பார்க்கத் தொடங்கும்போது என்ன நடக்கிறது என்பதைத் தனியாகப் படிக்க வேண்டும் என்றார்.

1945இல் விடுதலையாகித் திரும்பியபோது குடும்பத்தில் யாரும் உயிரோடு இல்லை. 1939இல் அவருக்குத் தெரிந்தவர்களில் அநேகமாக எல்லோருமே போய்விட்டிருந்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் அகதிகளுக்கும் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் உதவும் அமைப்புகளில் வேலை செய்தார். உளவியலுக்கு வந்தது அதற்கும் பிறகு, இங்கிலாந்தில். 1967இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பையன்களின் கையில் இருந்த அந்தச் சிறு புத்தகத்தை நினைத்துக்கொள்கிறேன். ஓர் எண், ஒரு கூட்டத்தின் பெயர், வேறு எதுவும் இல்லை. முகாமின் பதிவேட்டில் தாஜ்ஃபெல் இருந்ததும் அப்படித்தான்.

இதையும் எழுதாமல் விடக்கூடாது. ஐரோப்பிய சமூக உளவியலாளர்களின் சங்கம் அவர் பெயரில் வழங்கிவந்த விருதிலிருந்து 2019இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. உடன் பணியாற்றிய பெண்களிடமும் மாணவிகளிடமும் அவர் நடந்துகொண்ட முறை அதற்குக் காரணம். பிறரை வெளியே நிறுத்துவது பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த அறையில், சிலர் பாதுகாப்பாக உட்கார முடியாமல் இருந்திருக்கிறார்கள். அவருடைய ஆய்வை இது பொய்யாக்கிவிடாது. ஆனால் அந்த அறையின் கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்லவும் முடியாது.

*

பிரிஸ்டல் பரிசோதனையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மனிதனுக்குள் இருக்கும் பகைமைக்கு அதைச் சான்றாக்குகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஜப்பானில் தோஷியோ யமாகிஷியும் அவரோடு இருந்தவர்களும் 1990களில் செய்த ஒரு மாற்றத்தைப் படித்த பிறகு இன்னும் போதவில்லை.

தாஜ்ஃபெலின் அமைப்பில் ஒவ்வொரு பையனும் கொடுப்பவன் மட்டுமல்ல, பெறுபவனும்கூட. வேறு யாரோ ஒருவன், வேறு ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்து, அவனுக்கும் காசு ஒதுக்கிக்கொண்டிருக்கிறான். யமாகிஷியின் குழு இந்த ஒன்றை மாற்றியது. உனக்குக் கிடைக்கப்போகும் தொகை முன்பே முடிவானது, மற்றவர்கள் செய்வதால் அது கூடாது, குறையாது என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். தன் கூட்டத்துக்குக் கூடக் கொடுக்கும் சாய்வு மறைந்துபோனது.

அப்படியென்றால் அந்தச் சாய்வுக்குள் இருந்தது என்ன? என் கூட்டத்தைச் சேர்ந்த, முகம் தெரியாத ஒருவன் இந்த நிமிஷம் என்னை நினைத்துக்கொண்டிருப்பான், அவன் என்னைக் கைவிட மாட்டான், நானும் அவனைக் கைவிடக் கூடாது என்ற எதிர்பார்ப்பு. பெயரும் முகமும் தெரியாத ஒருவன் மேல், ஒரு சொல்லை மட்டும் நம்பி வைத்த விசுவாசம் அது. அதே விசுவாசம் இன்னொருவனுக்குக் குறைத்துக் கொடுக்கவும் வைக்கிறது என்பதுதான் துயரம். இரண்டையும் பிரித்தெடுக்க முடியுமா என்று யோசிக்கிறேன். முழுமையாக முடியும் என்று தோன்றவில்லை.

*

முசாஃபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 பையன்களை வைத்து நடத்திய முகாம் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. கழுகுகள், விரியன்கள் என்று இரண்டு அணிகள். போட்டி, வசவு, கொடி எரிப்பு, சண்டை. பிறகு தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொள்ள, லாரி நின்றுபோக, சேர்ந்து உழைத்தால்தான் தீரும் சங்கடங்களின் வழியாகச் சமாதானம்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது பாடப்புத்தகங்களில் அவ்வளவாக இல்லை. 1953இல் நியூயார்க் மாநிலத்தின் மிடில் க்ரோவ் என்ற இடத்தில் ஷெரீஃப் இதேபோல் ஒரு முகாம் நடத்தி, பாதியில் கைவிட்டார். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜீனா பெர்ரி அந்த ஆவணங்களைத் தேடி எடுத்து, வயதாகிவிட்ட அந்தப் பையன்களில் சிலரையும் சந்தித்து, 2018இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த முகாமில் பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டார்கள். அதன் பிறகுதான் மலைப்பாம்புகள், சிறுத்தைகள் என்று இரு அணிகளாகப் பிரித்து மோதவிடப் பார்த்தார்கள். ஊழியர்களே ரகசியமாகப் பொருள்களைச் சேதப்படுத்தி, மற்ற அணி செய்ததுபோல் காட்டினார்கள். பையன்கள் சண்டைக்குப் போகவில்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், நாங்கள் செய்யவில்லை என்பதை நம்பினார்கள், கடைசியில் பெரியவர்கள் மேலேயே சந்தேகப்பட்டார்கள்.

1954இல் ஷெரீஃப் அந்தத் 'தவறை' மீண்டும் செய்யவில்லை. இரண்டு அணிகளையும் தனித்தனிப் பேருந்துகளில் கொண்டுவந்து, இன்னொரு அணி இருப்பதே தெரியாமல் சில நாள்கள் வைத்திருந்தார்.

ஒரு பெயர் பையன்களைப் பிரிக்கப் போதுமானது என்று தாஜ்ஃபெலிடம் படித்தேன். சில நாள் பழக்கம் அந்தப் பிரிவை ஏற்காதிருக்கப் போதுமானது என்று மிடில் க்ரோவ் சொல்கிறது. இரண்டில் எது வெற்றி பெற்ற பரிசோதனை என்று அச்சேறியது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பிரிவின் கதை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பழக்கத்தின் கதை ஆவணப் பெட்டியில் அறுபது ஆண்டுக்கு மேல் கிடந்தது.

*

சமூக உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் அயோவாவில் ஒரு பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். தட்டெறிந்து விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேரின் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் திரும்ப அவரிடமே எறிந்தார்கள். மூவருமாகக் கொஞ்ச நேரம் விளையாடினார்கள். பிறகு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், அந்த இருவரும் அவருக்கு எறிவதை நிறுத்திக்கொண்டார்கள். பெயர்கூடத் தெரியாதவர்கள், இனிச் சந்திக்கப்போவதும் இல்லை. ஆனாலும் வலித்தது என்கிறார் வில்லியம்ஸ். அந்த வலியை எப்படி ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவருவது என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கினார்.

அதிலிருந்து வந்தது சைபர்பால் என்ற கணினி விளையாட்டு. திரையில் இரண்டு உருவங்கள், நடுவில் உங்கள் கை. பந்து ஒன்றிரண்டு முறை உங்களிடம் வரும். பிறகு வராது. சில நிமிஷங்கள், அவ்வளவுதான். 2000இல் வெளியான ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இணையம் வழியாக இதை விளையாடினார்கள். பந்து கிடைக்காதவர்களுக்கு, தான் எங்கோ சேர்ந்தவன் என்ற உணர்வும் தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையும் குறைந்தன.

2004இல் லிசா ஸாட்ரோவும் வில்லியம்ஸும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். எதிரில் இருப்பவர்கள் மனிதர்களே அல்ல, கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்? அப்போதும் வலித்தது. 2007இல் ஆஸ்திரேலியாவில் இன்னொரு ஆய்வு: பந்து எறியும் இருவரும் அமெரிக்காவின் இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் ஆதரவாளர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களை வெறுத்தவர்களுக்கும் அவர்கள் பந்து தராதது வலித்தது. மற்றொரு ஆய்வில், பந்து கைக்கு வருவதால் காசு குறையும் என்று விதி வைத்துப் பார்த்தார்கள். பந்து வராமல் காசு மிச்சமானவர்களுக்கும் வலி தப்பவில்லை.

இதைப் படித்துவிட்டு, மனித மனம் இவ்வளவு பலவீனமானதா என்று வருந்துபவர்கள் உண்டு. நான் அதைப் பலவீனமாக நினைக்கவில்லை. நெடுங்காலம் கூட்டத்தோடு மட்டுமே உயிர்வாழ முடிந்த ஓர் இனம் இது. விலக்கப்படுவதை அது முதலில் உணர்கிறது, விலக்கியவன் யார், பொருட்படுத்தத் தக்கவனா என்பதைப் பிறகுதான் யோசிக்கிறது. வில்லியம்ஸ் சொல்வதும் இதுதான்: முதல் வலி எல்லோருக்கும் ஒன்றுபோல் வருகிறது, அறிவு வந்து ஆறுதல் சொல்லச் சற்று நேரமாகிறது. வகுப்பில், அலுவலகத்தில், சாப்பாட்டு மேசையில் தொடர்ந்து பந்து வராத மனிதர்களுக்கு அந்த ஆறுதல் வந்து சேர்வதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது.

*

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வலிக்க இவ்வளவு கொஞ்சம் போதுமென்றால், தேறவும் கொஞ்சம் போதுமாக இருக்கலாம்.

உளவியலாளர் கில்லியன் ஸாண்ட்ஸ்ட்ராம் டொரான்டோவில் முதுகலை படித்தபோது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும் வழியில் ஹாட் டாக் விற்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். ஸாண்ட்ஸ்ட்ராம் அவரிடம் எதுவும் வாங்கியதில்லை. கடக்கும்போது இருவரும் புன்னகைத்துக்கொள்வார்கள், கையசைப்பார்கள். அவர் இல்லாத நாளில் ஏதோ குறைகிறது என்று ஸாண்ட்ஸ்ட்ராம் கவனித்தார். கணினி நிரல் எழுதும் வேலையை விட்டுவிட்டு நடுவயதை நெருங்கும்போது மாணவியாகி வந்தவர் அவர். தான் இந்த இடத்துக்கு உரியவள்தானா என்ற சந்தேகம் அவருக்குள் இருந்தது. அந்தக் கையசைப்பு அதற்கு ஏதோ செய்தது.

பின்னர் வான்கூவரில் எலிசபெத் டன்னோடு சேர்ந்து அதை ஆய்வாக்கினார். பங்கேற்றவர்கள் நாள் முழுவதும் எண்ணிக்கைப் பொறியைக் கையில் வைத்துக்கொண்டு, நெருங்கியவர்களோடு பேசியவற்றைத் தனியாகவும், முகப் பழக்கம் மட்டும் உள்ளவர்களோடு பேசியவற்றைத் தனியாகவும் எண்ணினார்கள். வழக்கத்தைவிட அதிகமாக முகப் பழக்கக்காரர்களோடு பேசிய நாள்களில், சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், காப்பிக் கடைக்குள் நுழைபவர்களில் பாதிப் பேரிடம் வேகமாக வாங்கிக்கொண்டு வந்துவிடச் சொன்னார்கள். மற்றவர்களிடம் காப்பி தருபவரின் கண்ணைப் பார்த்து, சிரித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரச் சொன்னார்கள். பேசியவர்கள் கூடுதல் உற்சாகத்தோடு வெளியே வந்தார்கள்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர், நான் நாலு நாள் கண்ணில் படாவிட்டால் "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். கரிப்பெட்டி அடுத்த சட்டை மேல் நகர்ந்துவிடும். நான் இல்லாதது ஒருவர் கணக்கில் வந்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குப் போதுமாக இருக்கும். அவருக்கு என் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

*

கொஞ்சம் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அது போதாத இடத்தையும் பார்க்க வேண்டும்.

கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் பேர்பெற்ற கல்லூரி ஒன்றில் நடந்தது. முதலாண்டு மாணவர்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தார்கள். மேல் வகுப்பு மாணவர்கள் சொன்னதாகச் சில பத்திகள் அவர்களிடம் தரப்பட்டன: வந்த புதிதில் இந்த இடம் எனக்கானதில்லை என்று தோன்றியது, எல்லோருக்குமே அப்படித் தோன்றுகிறது, நாளாக ஆகச் சரியாகிவிட்டது. படித்துவிட்டு, தங்கள் அனுபவமும் அப்படியே என்பதை அவர்களே எழுதி, அடுத்து வரும் மாணவர்களுக்காகக் கேமராவின் முன் பேசினார்கள். அவ்வளவுதான். வெள்ளை மாணவர்களிடம் பெரிய மாற்றமில்லை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளும் ஏறின. இரு தரப்புக்கும் இடையிலிருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

ஒரு மணி நேரம் எப்படி மூன்று ஆண்டு நிலைத்தது? பாராட்டியதாலோ ஊக்கப்படுத்தியதாலோ அல்ல என்பது அவர்கள் எழுதவைத்த தினக்குறிப்புகளில் தெரிகிறது. ஒரு பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஒரு தேர்வில் மதிப்பெண் குறைகிறது, அறை நண்பர்கள் கூப்பிடாமல் சாப்பிடப் போய்விடுகிறார்கள். இவை எல்லோருக்கும் நடப்பவை. ஆனால் தன்னைப் போன்றவர்களை நெடுங்காலம் உள்ளே விடாத ஒரு கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்புபோல் கேட்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கெட்ட நாள்கள் வந்தன; ஆனால் 'இங்கே எனக்கு இடமில்லை' என்று அந்த நாள்களை அவர்கள் படிப்பது நின்றுபோனது.

இந்த ஆய்வு பெரும் பரபரப்பானது. இவ்வளவு மலிவாக முடியும் என்றால் எல்லா இடங்களிலும் செய்யலாமே என்றார்கள். அந்த உற்சாகத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு: கட்டடத்தை மாற்றாமல், உள்ளே வருபவரின் மனதை மட்டும் மாற்றினால் போதுமென்று நிர்வாகங்கள் நிம்மதி அடைந்துவிடலாம். 2023இல் வால்டனும் பலரும் சேர்ந்து 22 கல்வி நிலையங்களில் 26,911 மாணவர்களிடம் இதைச் செய்துபார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையிலேயே சேர்ந்துகொள்ள வாய்ப்பு இருந்த நிலையங்களில்தான் அது அவர்களுக்கு வேலை செய்தது. இடமே இல்லாத ஓரிடத்தில், இடமுண்டு என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது ஒட்டவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு நிம்மதி தந்தது. மாணவர்கள் ஏமாறவில்லை என்பதால்.

*

கடைசியாக ஜெரோம் மோட்டோ. இவர் சமூக உளவியலாளர் அல்ல, சான் பிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர். ஆனால் நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை இவரைவிட நேராகக் கேட்டவரை நான் படித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தபோது, அதிகம் பழக்கமில்லாத ஓர் இளம்பெண்ணிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் காதல் இல்லை, அறிவுரை இல்லை, கேள்விகளும் அதிகமில்லை. தன் அன்றாடத்தை எழுதுவாள். எங்கோ ஒருத்தி தன்னை நினைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்பது அந்த ஆண்டுகளில் தன்னைத் தாங்கியது என்று அவர் உணர்ந்தார்.

1969இல் தொடங்கிய அவருடைய ஆய்வில், தற்கொலை எண்ணத்தாலோ கடும் மனச்சோர்வாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 3,005 பேர் இருந்தார்கள். வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து, சிகிச்சையைத் தொடர்கிறார்களா என்று பார்த்தார்கள். 843 பேர் மறுத்திருந்தார்கள், அல்லது பாதியில் விட்டிருந்தார்கள். மோட்டோ தேர்ந்தெடுத்தது இவர்களை. மருத்துவம் பொதுவாக இந்த இடத்தில் கையை விரித்துவிடும்: உதவி இருக்கிறது, அவர்களுக்கு வேண்டாம், நாம் என்ன செய்ய முடியும்? அவர் இந்த 843 பேரைக் குருட்டாம்போக்கில் இரண்டாகப் பிரித்தார். பிரிஸ்டலில் பார்த்த அதே முறை. ஒரு பாதிக்கு ஒன்றும் செய்யவில்லை. மறு பாதிக்குக் கடிதம் எழுதினார்கள்.

முதல் நாலு மாதம் மாதத்துக்கு ஒன்று. அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு நாலு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆக 24 கடிதங்கள். மருத்துவமனையில் அந்த நோயாளியோடு பேசிய அதே ஊழியர் கையெழுத்திட்டு அனுப்புவார். இரண்டு மூன்று வாக்கியங்கள்தான்: நீங்கள் இங்கே இருந்துபோய்ச் சில காலமாகிவிட்டது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், மகிழ்ச்சியாக இருக்கும் என்கிற அளவில். அதற்குள் எந்தக் கோரிக்கையும் இல்லை. சிகிச்சைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. ஒருவருக்குச் சென்ற கடிதங்கள் அச்சுப்பிரதிபோல் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பதில் எழுதியவர்களுக்கு அவர்கள் எழுதியதைத் தொட்டு மறுகடிதம் போனது.

முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்ற பிரிவில் தற்கொலைகள் தெளிவாகக் குறைவாக இருந்தன. ஆய்வாளர்கள் இதில் முதல் அறிக்கையை 1976இலும் முழு அறிக்கையை 2001இலும் வெளியிட்டார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூகாஸிலில், நச்சு உட்கொண்டு மருத்துவமனைக்கு வந்து பிழைத்த 772 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பாதிக்கு ஓராண்டில் எட்டு அஞ்சலட்டைகள் போயின. மீண்டும் அப்படிச் செய்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மீண்டும் நிகழ்ந்த மொத்தத் தடவைகள் ஏறக்குறைய பாதியாயின. எல்லா நாட்டிலும் எல்லா ஆய்விலும் இப்படிப் பலன் கிடைத்துவிடவில்லை. கடிதம் மருந்தாகாது, சிகிச்சைக்கு மாற்றாக அதை யாரும் முன்வைக்கவும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேண்டாம் என்று சொன்னவரை அந்தக் கடிதம் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. இந்தக் குறிப்புகளில் நான் பார்த்த கூட்டங்கள் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பதற்கு ஏதோ ஒரு தகுதி கேட்கப்பட்டது: க்ளேயைப் பிடித்திருக்க வேண்டும், எறிந்த பந்தைத் திருப்பி எறிய வேண்டும், மதிப்பெண் வாங்க வேண்டும். மோட்டோவின் பட்டியலில் இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பதில்கூடப் போட வேண்டியதில்லை. எதிர்க்கூட்டம் இல்லாமலே ஒரு மனிதனுக்கு இடம் தர முடிந்திருக்கிறது. பிரிஸ்டலின் அந்தத் தடுப்பறைகளிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது இதைக் காணத்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் கடிதங்கள் நின்றன. இரு பிரிவுகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மெல்லக் குறைந்துகொண்டே வந்து, 14ஆம் ஆண்டில் இல்லாமலே போனது. 2001ஆம் ஆண்டு அறிக்கை இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நான் அந்த வரியிலேயே நிற்கிறேன். ஐந்து ஆண்டு என்பதும் 24 கடிதம் என்பதும் ஆய்வுக்காக வைத்த எல்லைகள்; அந்த மனிதர்களின் தேவையை அளந்து வைத்தவை அல்ல.